முன்வரிசையில் மாமியார்

குமூர் எனக்கு அத்தை மகன். அத்தை மகனை வாய்க்கு வந்தபடி ஏசலாம். எங்கள் ஆட்களிடம் அது உரிமை. கேட்டவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும், கோபப்பட்டால் அவனுக்குத்தான் அசிங்கம். மற்ற அத்தை மகன்களை நான் விளையாட்டுக்கு ஏசுவேன். இவனை மனதாரத்தான் ஏசினேன். அந்த வித்தியாசம் இந்த மண்டைக்கனம் பிடித்தவனுக்குக் கடைசி வரை உறைக்கவேயில்லை.

பாலைவனத்தில், இன்-தகார்ட் என்ற ஊரின் இசை விழாவுக்குப் படமெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் திறமையைக் கேள்விப்பட்டு அல்ல. தலைநகர் நியாமேயிலிருந்து வரவேண்டியவனின் வண்டி நடுவழியில் படுத்துவிட்டது, அதனால் என் நினைவு வந்தது. அகதெஸ் ஊரில் ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படம்தான் பிழைப்பு. விழாக் கமிட்டியில் ஐந்து பெரிய மனிதர்கள். எங்கள் ஆண்களின் வழக்கப்படி ஆளுக்குப் பத்து முழம் துணியைத் தலையிலும் வாயிலும் சுற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்று காலையிலிருந்து சண்டை போட்டார்கள். மதியம் வரை ஒலிபெருக்கி மணலைப் பார்த்தபடியே கிடந்தது.

வெளிநாட்டுப் படக்காரர்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். உடம்பெல்லாம் பை வைத்த சட்டை, கழுத்தில் பால் செம்பு அளவுக்கு லென்ஸ். மழை முடிந்து மந்தைகள் உப்புத் தண்ணீருக்கு வந்து சேரும் நேரம் அது, எங்கே பார்த்தாலும் ஒட்டகம். ஆனாலும் இவர்களுக்குப் போதவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு ஒட்டகத்தைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள். கிட்டாருக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தமோ! அந்த ஒட்டகம் மேடைத் திரைச்சீலையைத் தின்றது. எனக்குப் பரம திருப்தி.

குமூரின் குழுவுக்கு 'ஐந்து கிணறு' என்று பெயர். ஐந்து பேரில் ஒருவன்கூட வாழ்நாளில் ஒரு வாளி தண்ணீர் இறைத்தவனில்லை. ஆறு வருஷமாக ஐரோப்பா, அல்ஜீரியா என்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெயர்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. மனைவி கூடாரத்தில் காத்திருக்கிறாள், இரவெல்லாம் நட்சத்திரம் எண்ணுகிறாள், அவள் உதட்டின் ருசி என் நாக்கில் இருக்கிறது, இப்படிப் போகும். பாடுவதற்கு முன்னால் குமூர் கண்ணை மூடி, "இது என் மனைவிக்கு" என்பான். வெள்ளைக்காரப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்களாம்.

அந்த மனைவியின் பெயர் ஷாத்தா. எனக்கு நல்ல சிநேகிதி. கல்யாணமாகி எட்டு வருஷம், அவன் போய் ஆறு வருஷம். முதலில் ஒரு தடவை தொலைபேசியில் தலாக் சொன்னான். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள இருக்கும் மூன்று மாதக் கெடு முடிவதற்கு முந்தின நாள் கூப்பிட்டு, "திருப்பி எடுத்துக்கிட்டேன்" என்றான். அடுத்த வருஷமும் அதே கூத்து. மூன்றாம் தடவை சொன்னால் திருப்பி எடுக்க முடியாது, அத்தோடு முடிந்தது. அதனால் மூன்றாவதை மட்டும் சொல்லவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். விடுதலை கேட்டுக் காஜியிடம் அவள் இரண்டு முறை போனாள். "அடுத்த மாசம் வர்றேன்" என்று இவன் செய்தி அனுப்புவான், காஜியும் தவணை கொடுப்பார். எங்கள் பெண்கள் புருஷன் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு, அதற்கு விருந்து வைத்துப் பாடி ஆடுகிறவர்கள். நானே இரண்டு விருந்து வைத்திருக்கிறேன். ஷாத்தாவுக்கு முப்பது வயது. வாழ்கிறவளாகவும் இல்லாமல், விடப்பட்டவளாகவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேடைக்குப் பின்னால், தார்ப்பாய் மறைப்பில், அவன் நரம்பு கூட்டிக்கொண்டிருந்தான். டிரம் அடிக்கிற அத்தாஹெர் பக்கத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான்.

"வாடி கைஷா! நல்ல கேமரா கொண்டாந்திருக்கியா, இல்ல அட்டை சைஸ்ல எடுத்துத் தள்ளிடுவியா?" என்றான் குமூர்.

"ஒன் மூஞ்சிக்கு அந்த சைஸே அதிகம்டா."

அத்தாஹெர் சிரித்தான். குமூரும் சிரித்தான். சிரிக்கத்தானே வேண்டும்!

"கேளு, பெல்ஜியத்துலேர்ந்து ஒருத்தன் வந்திருக்கான். இசைத்தட்டு போடறவன். இன்னிக்கி நான் பாடறத கேட்டுட்டு முடிவு சொல்வான். தட்டோட அட்டைக்கு என் முகம் வேணுமாம், முழுசா. அந்தப் பாட்டு பாடறப்போ நான் வாய்த்துணிய இறக்குவேன். கரெக்டா எடுத்துரு."

"ஷாத்தாவ எப்ப விடப்போறே?"

"ஏன் விடணும்? அவ எனக்காகக் காத்துட்டு இருக்கா."

"காத்துட்டு இல்லடா, மாட்டிக்கிட்டு இருக்கா."

"அடி போடி. அவ காத்திருக்கறதாலதான் பாட்டு. பாட்டு இருக்கறதாலதான் பெல்ஜியக்காரன் வந்திருக்கான். அடுத்த வாரம் அவன் அந்தக் கூடாரத்துக்கே போய் அவளப் படம் புடிக்கப்போறான், தெரியுமா? அழுதுட்டு இருக்கற மாதிரி."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு கூச்சம், ஒரு தடுமாற்றம்? மருந்துக்குக்கூட இல்லை. ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டு, கட்டிப்போட்டிருக்கிறேன் என்பதையே பாட்டாக்கி விற்கிறான். த்தூ என்று துப்பலாம்போல வந்தது. மணலில் துப்பி அதைக் கெடுப்பானேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தார்கள். வெயில் சாய்ந்து, முகத்தில் மஞ்சளாக விழுகிற நேரம். படமெடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. முதல் வரிசையில் வெளிநாட்டவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் பெல்ஜியக்காரன். மற்ற சனமெல்லாம் மணலில். முதல் உருப்படி வெறும் வாத்தியம். குமூர் தோளைக் குலுக்கி, காலை அகட்டி, கிட்டாரை ஏதோ துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு நின்றான்.

அப்போது கூட்டம் பின்னாலிருந்து விலக ஆரம்பித்தது. ஒரு கழுதை வந்தது. கழுதையிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினாள். கையில் பாய். நாற்காலிகளைத் தாண்டி வந்து, மேடைக்கு மூன்று எட்டுத் தூரத்தில், மைக்குக்கு நேர் எதிரே பாயை விரித்து உட்கார்ந்தாள். ஷாத்தாவின் தாய் மினாத்து.

அல்லாவே! என் கை கேமராவில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஆண் மாமியார் வருகிற பாதையில்கூட நிற்கமாட்டான். அவள் எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டான், வாயை மறைத்த துணியை ஒரு விரற்கடை இறக்கமாட்டான். அவளும் மருமகன் இருக்கிற இடத்துக்குப் போகமாட்டாள். இதில் காதல் பாட்டா? அம்மணமாக நடுத்தெருவில் நின்றாலாவது பைத்தியம் என்று மன்னிப்பார்கள். இப்போது மானம் கெட்ட ஒரு மருமகனுக்கு எதிரே மானமுள்ள ஒரு மாமியார் வலிய வந்து உட்கார்ந்திருந்தாள்.

குமூர் கண்டுவிட்டான். விரல் நரம்பில் வழுக்கியது. துணியை மூக்குக்கு மேல் ஏற்றினான். சட்டென்று திரும்பிக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

அப்படியே நின்றான். இரண்டாவது உருப்படிக்கும் முதுகு. மூன்றாவதற்கும் முதுகு. பாட்டே இல்லை, வாத்தியம் மட்டும்தான். நான் கடமை தவறாமல் எடுத்தேன். நாற்பது படம், நாற்பதிலும் முதுகு. வியர்வை சட்டையில் மெல்ல இறங்குவது வரிசையாகத் தெரியும்.

எங்கள் பெண்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முக்காட்டுக்குள் சிரித்தே செத்தார்கள். நாலு பேர் குலவையிட்டார்கள். வெளிநாட்டுப் படக்காரர்களுக்கோ ஒரே பரவசம். அதில் ஒருவன் என்னிடம் குனிந்து, "ஏன் திரும்பி நிற்கிறார்?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"பாலைவனத்துக்கு வணக்கம் சொல்கிறார்," என்றேன்.

அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அட முட்டாளே!

பெல்ஜியக்காரன் அந்த அளவு முட்டாளில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கமிட்டிக்காரனைக் கூப்பிட்டு, பாடுவானா மாட்டானா என்று கேட்டான். கமிட்டிப் பெரிய மனிதர்கள் ஐந்து பேரும் வரிசையாக வந்து மினாத்துவிடம் குனிந்தார்கள்.

"கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் உக்காருங்கம்மா. அங்க நெழல் இருக்கு."

"எனக்கு வெயில் போதும்."

"நாற்காலி போடறோம்."

"நான் என்ன வெள்ளக்காரியா?"

"அம்மா, இது விழாவோட எடம்..."

"இந்த மணல ஒங்கப்பன் கொண்டாந்து கொட்டினானா?"

ஐந்து தலைப்பாகையும் பின்வாங்கின. அவளைத் தொட்டுத் தூக்க எவனுக்குத் தைரியம் வரும்? உருப்படி முடிந்ததும் குமூர் தார்ப்பாய்க்குப் பின்னால் ஓடினான். அங்கிருந்து கையாட்டி என்னைக் கூப்பிட்டான்.

"கைஷா, ஒன் கால்ல விழறேன், அவங்கள எழுப்பு. பெல்ஜியக்காரன் போயிருவான். ஆறு வருஷ உழைப்பு!"

"உழைப்பா? யாருடா உழைச்சது?"

"கேலி அப்புறம் பண்ணு. போ!"

நான் போய் மினாத்துவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். கிட்டப் போனதும்தான் தெரிந்தது, அவள் முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, எந்திரிக்கப் போறீங்களா?"

"வயசாச்சு கைஷா. உக்காந்தா எந்திரிக்க முடியல."

"எப்ப முடியும்?"

"என் பொண்ண விட்டேன்னு அவன் சொன்னா காலுக்குப் பலம் வந்துரும்." அவள் தலை நிமிரவில்லை. மணலைப் பார்த்தே பேசினாள். "மருமவன் முன்னால வந்து உக்காந்தவளுன்னு நாளைக்கு என் கூடப்பொறந்தவங்களே என்னைத் துப்புவாங்க. துப்பட்டும். ஆறு வருஷமா எம்பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு இருக்கேன். இதுக்கு மேல எனக்கு என்ன அசிங்கம்?"

திரும்பிப் போய் அவனிடம் சொன்னேன். தார்ப்பாய் ஓட்டை வழியாகப் பெல்ஜியக்காரனைப் பார்த்தான். அவன் எழுந்து நின்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"சரி, விட்டேன்னு போய்ச் சொல்லு."

"ஒழுங்கா சொல்லு. யார விட்டே?"

"மினாத்து மக ஷாத்தாவ விட்டேன். மூணாவது தலாக். போதுமா? ஓடு!"

வாயைத் திறந்து சொல்லிவிட்டானே! உடனே அந்தப் பல்லிளிப்பு வந்தது.

"டேய் அத்தாஹெர், நான் இப்ப எதாச்சும் சொன்னேனா?"

"டிரம் அடிச்சு அடிச்சு காது போச்சுண்ணே," என்றான் அத்தாஹெர், தேநீர் டம்ளரைக் கழுவிக்கொண்டே.

"பாத்தியா! நாளைக்கு நான் எதுவுமே சொல்லலேம்பேன். நீ சொல்லேன், எவன் நம்புவான்? அத்தை மகனும் மாமன் மகளும் பேசினா அது கேலி. நமக்குள்ள பேசினதுல எது கணக்குல சேந்துச்சு?"

உண்மைதான். என்னிடம் அவன் நூறு தலாக் சொன்னாலும் ஊரில் அது சிரிப்புக்குத்தான். அவனை எதுவும் சொல்லலாம் என்று எனக்கு எந்த முறை உரிமை கொடுத்ததோ, அதே முறைக்குள் போய் ஒளிந்துகொண்டான். கன்னத்தில் பளாரென்று ஒன்று விடக் கை பரபரத்தது. விட்டாலும் கேலி என்றுதான் சொல்லுவான், கேடுகெட்டவன்.

மினாத்துவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். சொன்னான், நாளைக்கு இல்லையென்பான், என் வார்த்தை செல்லாது. எழுந்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சொல்லிட்டான் இல்ல? அப்ப அவனுக்கு நான் யாரு? யாருமில்ல. நான் எதுக்கு எந்திரிக்கணும்? பாடச் சொல்லு. இங்கயே இருக்கேன்."

"அக்கா, நாளைக்கு அவன்..."

"ஒன் கையில என்னடி, மண்வெட்டியா?"

என் கையில் கேமரா இருந்தது. இருபது வருஷமாக அதை வைத்துப் பிழைக்கிற எனக்கு, அது எதற்கு என்று கழுதையில் வந்த ஒருத்தி சொல்லித் தரவேண்டியிருந்தது. என்னையும் ஒரு வரி திட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

குமூரிடம் ஓடினேன். "எந்திரிக்க மாட்டாங்களாம். விட்டாச்சுன்னா நான் அவனுக்கு யாருமில்ல, பாடட்டும்ங்கறாங்க."

"எதிர்லயா? அவங்க எதிர்லயேவா?"

"ஏன்டா, விட்டுட்டேல்ல? இல்ல கேலிக்குச் சொன்னியா?"

நல்ல மனிதன் மனைவியை விட்ட பிறகும் அவள் தாயைக் கண்டால் வாயை மூடிக்கொள்வான். இவன் எந்தக் காலத்தில் நல்ல மனிதன்? வெளியே பெல்ஜியக்காரன் நடக்க ஆரம்பித்திருந்தான். குமூர் மேடைக்கு ஓடினான். மைக்கைப் பிடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்பக்கம் திரும்பினான். "இது என் மனைவிக்கு" என்றான். துணியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டான்.

பெல்ஜியக்காரன் நின்றான். பையை இறக்கினான்.

பதினோரு பேரும் மேடையை மொய்த்தார்கள். லென்ஸை அவன் வாய்க்குள்ளேயே விட்டுவிடுவார்கள்போல முண்டியடித்தார்கள். மினாத்து அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தாள், அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முகம், முகம், முகம்! உலகத்தின் மிகப் பெரிய அதிசயம் அந்த ஓட்டைப் பல்லில் இருக்கிறது என்று நினைப்பு.

நான் பின்னால் வந்தேன். மேடையின் பக்கவாட்டில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய் மேல் ஏறினேன். ஒரே சட்டத்துக்குள் அவனும் வரவேண்டும், அவளும் வரவேண்டும். இரண்டு பேரும் தெளிவாக விழவேண்டும். அதற்காக லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, கை ஆடினால் தீர்ந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எந்தப் படத்துக்கும் இப்படிப் பயந்ததில்லை. அவன் உதட்டின் ருசியைப் பற்றிய வரிக்கு வந்தான், வாய் அகலத் திறந்தது, அழுத்தினேன். இன்னொன்று. இன்னொன்று.

கூட்டத்தில் குலவை இல்லை, சிரிப்பு இல்லை. கிழவர்கள் எழுந்து, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மினாத்து முக்காட்டை முகம் முழுக்க இழுத்து மூடி, நெற்றி முழங்காலில் முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தாள். பாட்டு முடியும்வரை அவள் அசையவில்லை.

பெல்ஜியக்காரன் மேடையேறிக் குமூரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரவுக்குள் ஒப்பந்தம் முடிந்தது என்று அத்தாஹெர் ஊரெல்லாம் சொன்னான். காது திரும்பி வந்துவிட்டதுபோல.

மறுநாள் காலை, ஒட்டகப் பந்தயத்துக்குப் பரிசு கொடுக்க வந்திருந்த காஜி வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மினாத்து போய் எதிரே பாயை விரித்து உட்கார்ந்து முறையிட்டாள். செய்தி பரவி, குமூரின் மாமன்மார், எனக்குப் பெரியப்பா சித்தப்பா முறை, மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஷாத்தாவும் வந்திருந்தாள். விடியற்காலையில் பால் கறந்து வைத்துவிட்டு நேரே நடந்து வந்தவள், தாய்க்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் முழங்கால் வரைக்கும் மணல் ஒட்டியிருந்தது.

குமூர் புது அங்கி போட்டுக்கொண்டு, துணியைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். அடேயப்பா, என்ன அடக்கம்! மாமியார் இருந்த திசைக்கே திரும்பவில்லை.

"மூணாவது தலாக் சொன்னியா?" என்று கேட்டார் காஜி.

"இல்லீங்களே. ஷாத்தா என் மனைவி. அடுத்த வாரம் நான் கூடாரத்துக்கே வர்றேன்."

"கைஷா கேட்டேங்கறா."

"அவ என் மாமன் மக. கேலிக்கு ஆயிரம் பேசுவோம்."

அத்தாஹெரைக் கேட்டார். அவனுக்கு மறுபடி காது போய்விட்டது.

காஜி தாடியைத் தடவினார். "கைஷா, முறைக்காரங்க பேச்ச நான் எடுத்துக்க முடியாதும்மா. ஒனக்கே தெரியும்."

"நான் பேசலீங்க காஜியாரே. படம் காட்டறேன்."

கேமராவை அவர் கையில் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினேன். அழுத்தினார். முதுகு. அழுத்தினார். முதுகு. மறுபடி முதுகு.

"என்னம்மா இது, ஒரே முதுகா இருக்கு?"

"அவங்க வந்து உக்காந்தப்புறம் எடுத்தது. மருமகன் மரியாதையா திரும்பி நின்னாரு. அழுத்துங்க, நாப்பது இருக்கு."

மாமன்மார் எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். குமூரும் அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான். நாற்பதும் முடிந்தது. காஜி இன்னொரு தடவை அழுத்தினார்.

அவர் விரல் நின்றுவிட்டது.

படத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பெரிய மாமனிடம் நீட்டினார். பெரிய மாமன் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். காஜி அதைத் திருப்பி வாங்கினார்.

"இது யாரு, வாயத் தொறந்துட்டு நிக்கறது?"

குமூர் வாய் திறக்கவில்லை. இப்போது மட்டும் மூடிக்கொண்டது.

"இங்க, மூணு எட்டு தள்ளி, பாயில குனிஞ்சுட்டு இருக்கறது யாரு?"

"நான்... கவனிக்கலீங்க. வெயில் கண்ணுல பட்டுச்சு."

"நாப்பது தடவ முதுகக் காட்டினே. கவனிக்காமலா காட்டினே?" காஜி கேமராவை மடியில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை. "நான் ஒண்ணுதான் கேக்கறேன் குமூர். நேத்து நீ பாடினப்போ இந்த அம்மா ஒனக்கு மாமியாரா, இல்லையா? ஆமான்னு சொன்னா ஷாத்தா ஒன் மனைவிதான், கூட்டிட்டுப் போ. ஆனா மாமியார் எதிர்ல வாயக் காட்டி, அவ பொண்ணோட உதட்டப் பத்திப் பாடினவன்னு இந்தப் பாலைவனத்துல இருக்கற ஒவ்வொரு கூடாரத்துக்கும் நான் சொல்லி அனுப்புவேன். ஒன் மாமன்மார் மறுபடி ஒன்னோட ஒரே தட்டுல சாப்பிடறாங்களான்னு அவங்களையே கேட்டுக்க. இல்லேன்னு சொல்றதா இருந்தா, எப்போலேர்ந்து இல்லேன்னு சொல்லு."

பெரிய மாமன் குமூரைப் பார்க்கவில்லை. தன் காலை மடக்கி, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மற்ற இரண்டு பேரும் அவரோடு நகர்ந்தார்கள்.

ஷாத்தா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நானும் வாயில் வந்த எல்லாக் கேலியையும் விழுங்கிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை எசகுபிசகாகப் பேசி, அதைச் சாக்காக வைத்து அவன் தப்பிவிட்டால்?

குமூர் பெல்ஜியக்காரனின் கூடாரம் இருந்த பக்கம் பார்த்தான். மாமன்மார் பக்கம் பார்த்தான். துணிக்குள் என்னவோ முனகினான்.

"சத்தமா," என்றார் காஜி.

"என் மாமியார் இல்லீங்க. பாடறதுக்கு முன்னாலயே விட்டுட்டேன். மூணாவது."

"எல்லாரும் கேட்டாச்சு. முடிஞ்சுது," என்றார் காஜி. "அந்த அம்மா ஒனக்கு யாருமில்ல. நீ அவங்களுக்கு யாருமில்ல."

நான் குலவையிட வாயெடுத்தேன். மினாத்து கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். பாயிலிருந்து எழுந்தாள். யாரும் கைகொடுக்கவில்லை, அவளுக்குத் தேவைப்படவும் இல்லை. நேரே குமூருக்கு எதிரில் போய் நின்றாள். முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். இரண்டு விரலால் அவன் முகத்துணியைப் பிடித்துத் தாடைக்குக் கீழே இழுத்தாள். அவன் விலகக்கூட மறந்து நின்றான்.

அவள் பார்த்தாள். நெற்றி, மூக்கு, உதடு, பல் என்று ஒவ்வொன்றாக, சந்தையில் ஆட்டைப் பார்க்கிற மாதிரி அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு துணியை விட்டுவிட்டு, விரலைத் தன் மேலாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா?" என்று மகளைக் கேட்டாள். "இதப் பாக்கக் கூடாதுன்னா எட்டு வருஷமா நான் தலையக் குனிஞ்சுட்டு இருந்தேன்?"

"இவ்வளவுதாம்மா," என்றாள் ஷாத்தா.